ஈர ஓடுபாதையும் விமானமும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அறிவியல் கட்டுரை)

முன்னுரை

"யானைக்கும் அடி சறுக்கும்" என்பது நம் முன்னோர் வாக்கு. நிதானமாக நடந்து செல்லும் யானைக்கே இந்நிலை என்றால், வானத்திலிருந்து இறங்கி, மழைநீர் படர்ந்த பாதையில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் கால் பதிக்கும் விமானத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

நம் காரைக்காலுக்கு விமானப் போக்குவரத்து இல்லை. ஆயினும் விமானம் நமக்கு அந்நியப் பொருளன்று. நம் ஊரார் பலர் வளைகுடா நாடுகளிலும் பிரான்சிலும் வாழ்கின்றனர். நம்முடன் படிக்கும் மாணவியர் சிலரின் தந்தையரும் அண்ணன்மாரும் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ விமானத்தில் வந்து திருச்சியிலோ சென்னையிலோ இறங்குகின்றனர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போதும் அவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மேலும், புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் காரைக்காலின் உடன்பிறப்பாக விளங்கும் மாகி, கேரளக் கரையில் கோழிக்கோட்டுக்கு வடக்கே உள்ளது. அந்தக் கோழிக்கோட்டு விமான நிலையத்தில்தான் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள் மழை இரவில் ஒரு பெரும் விபத்து நேர்ந்தது. விமானம் ஈர ஓடுபாதையில் ஏன் சறுக்குகிறது? பாதை முடிந்த பின்னும் ஏன் நில்லாமல் ஓடுகிறது? இதைத் தடுக்க மனிதர் கண்டுள்ள வழிகள் யாவை? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விமானம் நிற்பது எப்படி?

பறக்கும் விமானத்தை நிறுத்துவது, ஓடும் பேருந்தை நிறுத்துவது போன்றதன்று. தரையைத் தொட்ட பின்னும் அதன் இறக்கைகள் காற்றில் அதைத் தூக்கிப் பிடிக்கவே முயல்கின்றன. ஆகவே பெரிய விமானங்களில் மூன்று ஏற்பாடுகள் உள்ளன.

முதலாவது, இறக்கையின் மேற்புறத்தில் எழும்பி நிற்கும் தகடுகள். இவை இறக்கையின் தூக்குவிசையைக் கெடுத்து, விமானத்தின் எடை முழுவதையும் சக்கரங்களின் மேல் சுமத்துகின்றன. இரண்டாவது, சக்கரங்களில் உள்ள பிரேக். மூன்றாவது, எஞ்சினின் உந்துவிசையை முன்னோக்கித் திருப்பிவிடும் ஏற்பாடு. எளிய சிறு விமானங்கள் பலவற்றில் முதலாவதும் மூன்றாவதும் இல்லை. அவை பெரும்பாலும் சக்கரப் பிரேக்கையே நம்பியுள்ளன.

பிரேக் விமானத்தை நிறுத்துவதாக நாம் பேசிக்கொள்கிறோம். உண்மையில் பிரேக் சக்கரத்தை மட்டுமே நிறுத்துகிறது. விமானத்தை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு விசையே. அவ்விரண்டுக்கும் இடையில் தண்ணீர் புகுந்துவிட்டால் உராய்வு குறைகிறது. அப்போது சக்கரம் நின்றுவிடும், விமானம் நிற்காது.

இந்தத் தொல்லையைக் குறைப்பதற்காகவே, சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் கருவி 1950-களில் விமானங்களில் பொருத்தப்பட்டது. இன்று கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் ஏ.பி.எஸ். என்று நாம் காண்பது, விமானத்திலிருந்து தரைக்கு வந்த அறிவேயாகும்.

தண்ணீரின் மேல் ஏறி ஓடும் சக்கரம்

மழை நாளில் கடற்கரைச் சாலையில் சைக்கிளில் செல்லும் நாம், சில இடங்களில் சக்கரம் வழுக்குவதை உணர்ந்திருக்கிறோம். சாலையில் வரைந்த வெள்ளைக் கோட்டின் மேலும், மண் கரைந்து ஓடும் வளைவுகளிலும் இது மிகுதி. தண்ணீரின் மெல்லிய படலம் எண்ணெய் போல இடையில் நிற்பதே இதன் காரணம். ஓடுபாதையிலும் இதே நிலை உண்டு. விமானங்கள் வழக்கமாகத் தரை தொடும் இடத்தில் ஒவ்வொரு டயரும் சிறிது ரப்பரைத் தேய்த்துவிட்டுச் செல்கிறது. நாளடைவில் அங்கே கரிய பூச்சு ஒன்று படிகிறது. அது நனைந்தால் நன்றாக வழுக்கும்.

ஆனால் விமானத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உள்ளது. சைக்கிள் மெல்ல ஓடுவதால், அதன் டயருக்கு முன்னால் உள்ள தண்ணீர் இருபுறமும் விலகிச் செல்ல நேரம் கிடைக்கிறது. வேகமாக உருளும் விமான டயருக்கு முன்னால் உள்ள தண்ணீருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. அது ஆப்பு போல டயரின் அடியில் புகுந்து டயரையே தூக்கிவிடுகிறது. அதன்பின் டயர் தரையைத் தொடுவதே இல்லை. தண்ணீரின் மேல் மிதந்து ஓடுகிறது. அந்நிலையில் பிரேக் பிடித்தாலும் பயனில்லை; முன்சக்கரத்தைத் திருப்பினாலும் பயனில்லை.

இந்த மிதப்பு எந்த வேகத்தில் தொடங்கும்? 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்ட்டர் ஹார்ன் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் சோதனைகள் செய்து ஓர் எளிய வாய்பாட்டைக் கண்டனர். டயரில் உள்ள காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், மிதப்பு தொடங்கும் வேகம் நாட் அளவில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.

ஒரு சிறு விமானத்தின் டயரில் 36 பவுண்டு அழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். 36-இன் வர்க்கமூலம் 6. 9 × 6 = 54 நாட்; அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானத்தின் டயரில் சுமார் 200 பவுண்டு இருக்கும். கணக்கு எளிதாக வர 196 என்று கொண்டால், அதன் வர்க்கமூலம் 14. 9 × 14 = 126 நாட்; அதாவது மணிக்கு 233 கிலோமீட்டர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவ்வாய்பாட்டில் விமானத்தின் எடை வரவில்லை. டயரின் அழுத்தமே வருகிறது. ஆகவே அழுத்தம் குறைந்த டயருடைய சிறிய விமானம், பெரியதைவிடக் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கிவிடும். ஓடுபாதையில் தண்ணீர் ஆழமாகத் தேங்கியிருந்தால் மட்டுமே இவ்வாறு நடக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆகவேதான் ஈர ஓடுபாதையில் பூப்போல மெல்ல இறங்காமல், சற்று அழுத்தமாகவே இறங்கும்படி விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. அந்த அதிர்ச்சியில் தண்ணீர்ப் படலம் கிழிந்து, சக்கரம் தரையைப் பற்றிக்கொள்கிறது. மழை நாளில் விமானம் "தடால்" என்று இறங்கினால், விமானியின் திறமையைக் குறைத்து எண்ணலாகாது.

காற்றின் திசையும் ஒரு சிறு கணக்கும்

விமானங்கள் எப்போதும் எதிர்காற்றில் இறங்கவே விரும்புகின்றன. இதற்கான காரணத்தை நம் வகுப்பில் படித்த இயக்கச் சமன்பாட்டைக் கொண்டே அறியலாம். நிற்க வேண்டிய தூரம், திசைவேகத்தின் வர்க்கத்தை வேகக்குறைவின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும்.

ஒரு விமானம் காற்றைப் பொறுத்து வினாடிக்கு 66 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. காற்றின் வேகம் வினாடிக்கு 6 மீட்டர். எதிர்காற்றானால் தரையைப் பொறுத்து அதன் வேகம் 60 மீட்டர். பின்காற்றானால் 72 மீட்டர். பிரேக் பிடித்தால் உலர்ந்த பாதையில் வினாடிக்கு வினாடி 3 மீட்டரும், ஈரப் பாதையில் 1.5 மீட்டரும் வேகம் குறைவதாகக் கொள்வோம்.

உலர்ந்த பாதை, எதிர்காற்று: 600 மீட்டர்.
உலர்ந்த பாதை, பின்காற்று: 864 மீட்டர்.
ஈரப் பாதை, எதிர்காற்று: 1,200 மீட்டர்.
ஈரப் பாதை, பின்காற்று: 1,728 மீட்டர்.

அதே விமானம், அதே விமானி. ஈரமும் பின்காற்றும் சேர்ந்தவுடன் தேவையான தூரம் ஏறக்குறைய மும்மடங்காகிவிட்டது! திருச்சி ஓடுபாதையின் நீளம் 2,480 மீட்டர். இந்த விமானம் அங்கே முதல் 300 மீட்டருக்குள் தரை தொட்டால், பின்காற்றிலும் ஈரத்திலும் 2,028 மீட்டரில் நின்றுவிடும். 900 மீட்டர் கடந்து தொட்டால் 2,628 மீட்டர் தேவைப்படும். பாதையோ அதற்கு முன்பே முடிந்துவிடும். புதுச்சேரி ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர்தான். சிறிய விமானங்களே அங்கு வந்து செல்வதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். விமானிகளின் கைகளில் இதைவிட நுட்பமான அட்டவணைகள் உள்ளன.

கோழிக்கோட்டில் நடந்தது

கோழிக்கோடு விமான நிலையம் மலப்புரம் மாவட்டத்தில் கரிப்பூர் என்னும் இடத்தில், குன்றின் உச்சியைச் சமப்படுத்தி அமைக்கப்பட்டது. மேசையின் மேற்பலகை போன்ற இவ்வகை ஓடுபாதைகள் மங்களூரிலும் மிசோரம் மாநிலத்தின் லெங்புய் என்னுமிடத்திலும் உள்ளன. இவற்றின் முனைக்கு அப்பால் சரிவே உண்டு, சமநிலம் இல்லை.

2020-ஆம் ஆண்டு கொரோனா நோய்க் காலத்தில், வெளிநாடுகளில் தவித்த இந்தியரை அழைத்து வர "வந்தே பாரத்" திட்டத்தில் விமானங்கள் இயக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுதான் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344. அது போயிங் 737 வகையைச் சேர்ந்தது. அதில் 184 பயணிகளும் 6 பணியாளர்களுமாக 190 பேர் இருந்தனர்.

ஆகஸ்ட் 7 மாலை கரிப்பூரில் பலத்த மழை. முதல் முயற்சியில் இறங்க இயலாமல் விமானம் மீண்டும் மேலெழுந்தது. தலைமை விமானியின் கண்ணாடியில் நீரைத் துடைக்கும் வைப்பரும் சரியாக இயங்கவில்லை. இரண்டாம் முறை எதிர்த்திசையிலிருந்து, பின்காற்றுடன் இறங்க வந்தனர். 2,700 மீட்டர் நீளமுள்ள பாதையில் ஏறத்தாழ 1,350 மீட்டரைக் கடந்த பின்னரே சக்கரங்கள் தரையைத் தொட்டன. பாதியே மீதமிருந்தது. விமானம் நிற்கவில்லை. பாதையையும் அதற்கு அப்பாலிருந்த பாதுகாப்பு வெளியையும் தாண்டிச் சரிவில் விழுந்து மூன்று துண்டுகளாக உடைந்தது. விமானிகள் இருவரும் பயணிகள் 19 பேரும் ஆக 21 பேர் உயிரிழந்தனர். 169 பேர் பிழைத்தனர். எரிபொருள் கசிந்தும் தீப்பற்றாமல் போனது பெரும்பேறு.

விமான விபத்து விசாரணைப் பணியகம் 2021-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. விபத்துக்கான காரணம் மழை மட்டுமே என்று அது கூறவில்லை. நிலைப்படாத இறக்கத்தைக் கைவிடாமல் தொடர்ந்ததையும், உரிய இடத்தைத் தாண்டித் தரை தொட்டதையுமே முக்கியக் காரணமாகச் சுட்டியது. "மீண்டும் மேலே எழுவோம்" என்று துணை விமானி கூறியும் தலைமை விமானி இறங்கினார் என்பதும் அதில் பதிவாகியுள்ளது. மறுநாள் காலையில் அதே ஊரிலிருந்து அவர் மற்றொரு விமானத்தை ஓட்ட வேண்டியிருந்தது. வேறு ஊருக்குச் செல்லாமல் அங்கேயே இறங்க வேண்டும் என்ற எண்ணம் இதனால் வலுத்திருக்கலாம் என்றும் அறிக்கை கருதியது. கடமையில் உள்ள ஆர்வமும் சில வேளைகளில் கண்ணை மறைத்துவிடுகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இங்கு மற்றொன்றையும் கூறியாக வேண்டும். கொண்டோட்டி சுற்றுவட்டார மக்கள் அன்றிரவு நோய்த்தொற்றுக்கும் மழைக்கும் அஞ்சாமல் ஓடிவந்தனர். கிடைத்த வண்டிகளில் காயமுற்றோரை மருத்துவமனைகளுக்குக் கொண்டு சென்றனர். இரத்தம் கொடுக்க இரவிலும் வரிசையில் நின்றனர். பின்னர் அவர்களுள் பலர் தனிமைப்படுத்தப்பட்டனர். முன்பின் அறியாதவருக்காகத் தம்மை வருத்திக்கொண்ட அவர்கள் நம் வணக்கத்துக்குரியவர்கள்.

பிற இடங்களில் நடந்தவை

இரண்டு எஞ்சின் கொண்ட சிறு விமானங்களுக்கு நேர்ந்த மூன்று நிகழ்ச்சிகளையும் சுருக்கமாகக் காண்போம்.

1958 பிப்ரவரி 6 அன்று ஜெர்மனியின் மியூனிச் நகரில், ஆங்கிலக் கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட் வீரர்களை ஏற்றிய விமானம் மூன்றாம் முறையாக மேலெழ முயன்றது. பாதி உருகிய பனி ஓடுபாதையின் முனையில் சேறு போலக் கிடந்ததால் வேகம் கூடவில்லை. விமானம் பாதையைத் தாண்டி ஒரு வீட்டில் மோதியது. 44 பேரில் 23 பேர் இறந்தனர். இறக்கையில் உறைந்த பனியை நீக்கவில்லை என்று விமானி ஜேம்ஸ் தெயின் மீது முதலில் பழி சுமத்தப்பட்டது. பல ஆண்டுகள் போராடிய பின், 1969-இல் வெளிவந்த பிரிட்டிஷ் விசாரணை முடிவு பனிச்சேறே காரணம் என்று கூறி அவரைப் பழியிலிருந்து விடுவித்தது. அறிவியல் உண்மை ஒரு மனிதரின் நற்பெயரையும் மீட்டுத் தந்தது.

1999 மே 8 அன்று நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில், 30 பேருடன் வந்த சாப் 340 விமானம் மங்கலான வானிலையில் பாதையின் முடிவைத் தாண்டி ஓடியது. ஆனால் அங்கே எளிதில் நொறுங்கும் கான்கிரீட் பரப்பு ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. சக்கரங்கள் அதில் புதைந்து விமானம் நின்றது. அனைவரும் உயிர் பிழைத்தனர்.

2023 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினத்திலிருந்து மும்பை வந்த லியர்ஜெட் 45 என்னும் சிறு விமானம், பலத்த மழையில் ஓடுபாதையை விட்டுப் பக்கவாட்டில் விலகி உடைந்தது. அப்போது 700 மீட்டர் தொலைவு வரைதான் கண்ணுக்குத் தெரிந்தது. அதிலிருந்த 8 பேரும் காயங்களுடன் தப்பினர்.

காக்கும் முறைகள்

இவ்விபத்துகளைக் குறைக்கப் பல முறைகள் கையாளப்படுகின்றன. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

1. வரிப்பள்ளங்கள்: ஓடுபாதையின் குறுக்கே 6 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள கோடுகளை 38 மில்லிமீட்டர் இடைவெளியில் அறுக்கிறார்கள். நம் வயல்களில் வடிகால் வெட்டுவது போன்றதே இது. டயருக்கு அடியில் அகப்பட்ட நீர் இவற்றின் வழியே வெளியேறுகிறது.

2. ரப்பரை நீக்குதல்: படிந்த ரப்பரை மிகுந்த அழுத்தமுள்ள நீரைப் பாய்ச்சி அகற்றுகிறார்கள். பாதை எவ்வளவு பிடிப்புடன் உள்ளது என்பதையும் கருவியால் அளக்கிறார்கள்.

3. பாதுகாப்பு வெளி: பாதையின் முனைக்கு அப்பால் குறைந்தது 90 மீட்டர் பாதுகாப்பு வெளி வேண்டும் என்பது பன்னாட்டு விதி. 240 மீட்டர் இருப்பது நன்று என்பது பரிந்துரை.

4. நொறுங்கும் பரப்பு: இடம் போதாத இடங்களில், நியூயார்க்கில் கண்டது போன்ற கான்கிரீட் பரப்பை அமைக்கலாம்.

5. வானிலை அறிவிப்பு: காற்று, மழை, பார்வைத் தூரம் ஆகியவை விமானிக்கு உடனுக்குடன் தெரிவிக்கப்படுகின்றன. இவ்வகையில் நம் காரைக்காலுக்கும் ஒரு பெருமை உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் ரேடார் ஒன்று நம் ஊரில் இயங்குகிறது. விமானம் இறங்காத நம் ஊரிலிருந்தும் மேகங்களைக் கண்காணிக்கும் கண் ஒன்று வானை நோக்கியபடி இருக்கிறது!

கருவியினும் பெரியது

மேற்கண்ட முறைகள் அனைத்தும் இருந்தும் விபத்து நேர்வதுண்டு. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் உயிரிழந்த விபத்திலும், விமானம் பாதையின் பாதிக்கு மேல் கடந்த பின்னரே தரை தொட்டது. அன்று மழை இல்லை. அங்கும் துணை விமானி "மேலே எழுவோம்" என்று கூறியிருந்தார். அங்கும் அச்சொல் ஏற்கப்படவில்லை.

இத்தகைய விபத்துகளை ஆராய்ந்த அறிஞர்கள், 1979-இல் நாசா நடத்திய கருத்தரங்கில் ஒரு முடிவுக்கு வந்தனர். எஞ்சின் பழுதைப் போலவே, விமானி அறையில் இருப்போர் ஒருவரோடொருவர் சரியாகப் பேசாததும் விபத்துக்குக் காரணமாகிறது என்பதே அது. அதன்பின் விமானிகளுக்குப் புதிய பயிற்சி ஒன்று வந்தது. ஆபத்தைக் கண்ட இளையவர் தயங்காமல், தெளிவாக, மரியாதையுடன் எடுத்துச் சொல்ல வேண்டும். மூத்தவர் அதைக் குற்றமாகக் கருதாமல் கேட்க வேண்டும். "மேலே எழுவோம்" என்று இருவரில் எவர் கூறினாலும் உடனே மேலெழ வேண்டும். இன்று பல விமான நிறுவனங்களில் இதுவே விதி.

பெரியோர் முன் வாய் திறவாமல் இருப்பதே பணிவு என்று நாம் பழகியுள்ளோம். பணிவு நல்ல பண்பே. ஆனால் தீங்கு வருவதைக் கண்டும் மௌனமாக இருப்பது பணிவாகாது. ஆய்வுக்கூடத்தில் தோழியின் தாவணி நுனி விளக்குச் சுடரருகே செல்வதைக் கண்டால், ஆசிரியை பேசி முடிக்கட்டும் என்று நாம் காத்திருப்போமா?

முடிவுரை

ஈர ஓடுபாதையில் தண்ணீர், வேகம், காற்று, தூரம் என்னும் நான்கும் தத்தம் விதிப்படியே நடக்கின்றன. அவற்றோடு வாதாட இயலாது. மனிதரால் இயல்வது ஒன்றே: கணக்குச் சரியில்லை என்று தெரிந்த கணமே திரும்பிவிடுவது. மீண்டும் மேலெழுவது தோல்வியன்று.

மழை நாளில் திருச்சி விமானம் தரையிறங்காமல் வட்டமிட்டாலும், வேறு ஊருக்குச் சென்றுவிட்டாலும், வெளியே காத்திருக்கும் உறவினர் சலித்துக்கொள்வதுண்டு. "பதறாத காரியம் சிதறாது" என்று அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்வோம். இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாலும், அப்பா நலமாக வந்து சேர்வதல்லவா நமக்கு வேண்டும்!